தண்டனை அறிவித்த பிறகு

தீர்ப்பு நாளன்று நீதிமன்றத்துக்குப் போகிற குடும்பத்தார் கையில் ஒரு நோட்டும் பேனாவும் இருக்கட்டும். ‘குற்றவாளி’ என்று நீதிபதி சொன்ன பிறகு எல்லாம் வேகமாக நடக்கும். தண்டனை பற்றி ஏதாவது சொல்ல விரும்புகிறாரா என்று குற்றவாளியைக் கேட்பார்கள். பலர் தலைகுனிந்து “ஒன்றுமில்லை ஐயா” என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நிறுத்தக் கூடாது. வயதான தாய், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள், இதற்கு முன் எந்த வழக்கும் இல்லாதது, உடம்பிலுள்ள நோய், விசாரணைக் கைதியாகக் கழித்த மாதங்கள், இவை எல்லாம் அந்த இடத்தில் சொல்லப்பட்டுப் பதிவாக வேண்டும். பின்னால் மேல் நீதிமன்றத்தில் தண்டனையைக் குறைக்கக் கேட்கும்போது வழக்கறிஞர் எடுத்துக் காட்டப்போவது அந்தப் பதிவைத்தான். 21 வயது நிறையாதவர், முதல் முறையாகக் குற்றவாளியானவர் போன்றோருக்கு, குற்றத்தின் தன்மையைப் பொறுத்து, 1958ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டப்படி சிறைக்கு அனுப்பாமல் விடும்படி கேட்பதற்கும் அதுதான் நேரம்.

நோட்டில் எழுத வேண்டியவை: எந்தப் பிரிவுக்கு எத்தனை ஆண்டு, அபராதம் எவ்வளவு, கட்டத் தவறினால் கூடுதலாக எத்தனை மாதம், தண்டனைகளை ஏககாலத்தில் அனுபவிக்க வேண்டுமா ஒன்றன்பின் ஒன்றாகவா. சிறைத் தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பின் நகலை உடனடியாக, இலவசமாகக் கொடுப்பது நீதிமன்றத்தின் கடமை. “நாளைக்கு வாங்க” என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். தீர்ப்பு நகல் கைக்கு வராத கைதியின் மேல்முறையீட்டு உரிமை வெறும் ஏட்டுச் சுரைக்காய் என்பதை நீதிபதி கிருஷ்ணய்யர் 1978-இலேயே ஹோஸ்காட் வழக்கில் உணர்த்திவிட்டார். இலவச நகலும், மேல்முறையீட்டுக்குச் சட்ட உதவியும் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் உரிமைகள் என்று அந்தத் தீர்ப்பு நிலைநாட்டியது.

எந்த நீதிமன்றம், எத்தனை நாள்

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது. மேல்முறையீட்டு அதிகாரங்களில் அடிப்படை மாற்றம் பெரிதாக இல்லை. பிரிவு எண்கள்தான் இடம் மாறியிருக்கின்றன. வக்கீல்கள் இன்னும் வாய்ப்பழக்கத்தில் 374, 389 என்பார்கள். அவை இப்போது 415, 430.

மாஜிஸ்திரேட் தண்டித்திருந்தால் மேல்முறையீடு அமர்வு நீதிமன்றத்துக்கு. அதாவது ஊரார் சொல்லும் செஷன்ஸ் கோர்ட்டுக்கு. அதற்கு 30 நாள். அமர்வு நீதிபதியோ, அந்த நிலையிலுள்ள சிறப்பு நீதிமன்றமோ தண்டித்திருந்தால் உயர் நீதிமன்றத்துக்கு. அதற்கு 60 நாள். எந்த நீதிமன்றமாயினும் ஏழு ஆண்டுக்கு மேல் தண்டனை விதித்திருந்தாலும் உயர் நீதிமன்றமே. மரண தண்டனைக்கு மட்டும் 30 நாள். அதில் தண்டிக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யாவிட்டாலும் உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் தண்டனையை நிறைவேற்ற முடியாது.

தமிழ்நாட்டில் உயர் நீதிமன்றம் என்றால் இரண்டு வாசல்கள். 2004 ஜூலையில் தொடங்கிய மதுரைக் கிளை தென் மாவட்டங்களோடு திருச்சி, கரூர், புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களையும் பார்க்கிறது. சென்னையில் போட வேண்டியதை மதுரையிலும் மதுரையில் போட வேண்டியதைச் சென்னையிலும் கொண்டுபோய்க் கொடுத்து நாளைக் கழிக்க வேண்டாம்.

சான்றிட்ட நகலுக்குத் தனியாக மனுப் போட்டால், அந்த நகல் தயாராக ஆகும் நாள்கள் கெடுவில் சேராது. இலவச நகல் கிடைத்துவிட்டது என்பதற்காக அந்த மனுவை விட்டுவிடாதீர்கள். கெடு தாண்டிவிட்டாலும் கதவு மூடிவிடாது. தாமதத்தை மன்னிக்கும்படி லிமிட்டேஷன் சட்டத்தின் 5ஆம் பிரிவில் மனுப் போடலாம். சிறையில் இருப்பவரின் தாமதத்தை நீதிமன்றங்கள் பெரும்பாலும் இரக்கத்தோடு பார்க்கின்றன. அப்படிப் பார்ப்பார்கள் என்று நம்பி இரண்டு வருடம் சும்மா இருப்பது வேறு கதை. ஒவ்வொரு மாதத் தாமதத்துக்கும் காரணம் சொல்லும்படி, மருத்துவச் சீட்டு, கடன் பத்திரம், சிறைக் கடிதம் என்று ஏதாவது கையில் இருக்க வேண்டும்.

குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவருக்கு வழி குறுகலானது. தண்டனையின் அளவும் அது சட்டப்படி செல்லுமா என்பதும்தான் அவர் எழுப்பக்கூடிய கேள்விகள். “ஒப்புக்கிட்டா ஃபைனோட போயிடும்” என்று யாராவது சொல்லி ஒப்புக்கொள்ள வைக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அந்த ஒரு வார்த்தை மேல்முறையீட்டின் முக்கால் பங்கைத் தின்றுவிடும். அமர்வு நீதிமன்றம் விதிக்கும் மூன்று மாதத்துக்கு மேற்படாத சிறைத் தண்டனை போன்ற சிறு தண்டனைகளுக்கும் மேல்முறையீடு கிடையாது; சீராய்வு மனுதான்.

பணம் இல்லாதவருக்கு

கைதி தன் மேல்முறையீட்டைச் சிறை அதிகாரியிடமே கொடுக்கலாம். அவர் அதை உரிய நீதிமன்றத்துக்கு அனுப்பியாக வேண்டும். 424ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. புழல், வேலூர், கடலூர், திருச்சி, சேலம், கோவை, மதுரை, பாளையங்கோட்டை ஆகிய மத்திய சிறைகளில் எதில் இருந்தாலும் இதே முறைதான். வெள்ளைத் தாளில் தமிழில் எழுதினாலும் போதும். அந்த மனுவைப் பார்த்து, வக்கீல் இல்லாதவருக்கு நீதிமன்றமே வக்கீல் அமர்த்தும்.

இலவசச் சட்ட உதவி பெற வருமானச் சான்று வேண்டுமே என்று தாசில்தார் அலுவலகத்துக்கு அலைபவர்களைப் பார்க்கிறேன். காவலில் இருப்பவருக்கு அது தேவையே இல்லை. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 12ஆம் பிரிவு, சிறையில் இருப்பவர் எவருக்கும் வருமானம் பாராமல் உதவி பெறும் தகுதியைத் தருகிறது. உயர் நீதிமன்றத்துக்குச் சென்னையிலும் மதுரையிலும் சட்டப் பணிகள் குழுக்கள் உண்டு. உச்ச நீதிமன்றத்துக்கு டெல்லியில் தனிக் குழு. கட்டணமில்லாத் தொலைபேசி எண் 15100.

சட்ட உதவி வக்கீல் என்றாலே அக்கறை இல்லாதவர் என்று முடிவு கட்டுவது சரியல்ல. வக்கீல் யாரானாலும் அளவுகோல் ஒன்றுதான்: வழக்குக் கட்டை முழுதாகப் படித்தாரா? காசு கொடுத்து அமர்த்துகிறீர்கள் என்றால், முதல் சந்திப்பில் அவருடைய ஃபீஸைக் கேட்பதோடு, “மூன்றாவது சாட்சி குறுக்கு விசாரணையில் என்ன சொன்னார்?” என்றும் கேட்டுப் பாருங்கள். அன்று பதில் தெரியாமல் இருக்கலாம். இரண்டாவது சந்திப்பிலும் தெரியாவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள். “அந்த ஜட்ஜை எனக்குத் தெரியும், முடிச்சுக் கொடுத்துடுறேன்” என்பவரிடம் இரண்டாவது சந்திப்பே வேண்டாம். நகையை அடகு வைத்து அப்படிப்பட்டவர்களிடம் கொடுக்கப்படும் பணம் திரும்பி வருவதே இல்லை.

வெளியே இருந்து வழக்கு நடத்துவது

ஏற்கெனவே ஜாமீனில் இருந்தவருக்கு மூன்று ஆண்டுக்கு மேற்படாத தண்டனை என்றால், தண்டித்த நீதிமன்றமே மேல்முறையீடு செய்ய அவகாசம் கொடுத்து அவரை ஜாமீனில் விடலாம். இதற்கான மனுவைத் தீர்ப்பு நாளுக்கு முன்பே தயார் செய்து, ஜாமீன்தாரர்களையும் வரவழைத்து வைத்திருப்பது புத்திசாலித்தனம். தீர்ப்பு எப்படியும் சாதகமாக வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்தான் அன்று மாலை ஜாமீன்தாரரைத் தேடி ஓடுகிறார்.

அதற்கு மேற்பட்ட தண்டனை என்றால் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் 430ஆம் பிரிவின் கீழ் தண்டனையை நிறுத்திவைக்க மனுப் போட வேண்டும். மரணம், ஆயுள், பத்து ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை விதிக்கத்தக்க குற்றங்களில் அரசு வழக்கறிஞர் எழுத்து மூலம் எதிர்ப்புத் தெரிவிக்க வாய்ப்புக் கொடுத்த பிறகே உத்தரவு வரும். போதைப் பொருள் வழக்குகளில் அதற்கான சட்டத்தின் 37ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். செக் வழக்குகளில் அபராதத்தில் அல்லது இழப்பீட்டில் குறைந்தது 20 விழுக்காடு கட்டச் சொல்லலாம்.

ஆயுள் தண்டனை வழக்குகளில் மேல்முறையீடு விசாரணைக்கு வர ஆண்டுகள் ஆகும். காஷ்மீரா சிங் வழக்கில் 1977-இல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் கேட்டது: ஐந்தாறு ஆண்டு கழித்து நீங்கள் நிரபராதி என்று சொல்லி அனுப்பினால், அந்த ஐந்தாறு ஆண்டுக்கு யார் பதில் சொல்வது? முதல் முறை மனு தள்ளுபடியானாலும் காலம் சென்ற பிறகு மறுபடி போடலாம். இடையில் கழிந்த சிறைக்காலமே புதிய காரணம்.

ஒரு கணக்கை மறக்கக் கூடாது. தண்டனை நிறுத்திவைக்கப்பட்டு வெளியே இருக்கும் நாள்கள் தண்டனையில் கழியாது. மேல்முறையீடு தோற்றால் விட்ட இடத்திலிருந்து மிச்சத்தை அனுபவிக்க வேண்டும். விசாரணைக் கைதியாக உள்ளே இருந்த நாள்களோ கழிவில் சேரும்.

தண்டனையை நிறுத்திவைப்பதும் ‘குற்றவாளி’ என்ற தீர்ப்பையே நிறுத்திவைப்பதும் வேறு வேறு. அரசு ஊழியருக்கும் அரசியல்வாதிக்கும் இந்த வேறுபாடு வாழ்வா சாவா என்பது போன்றது. முன்னாள் அமைச்சர் பொன்முடி வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். கீழ் நீதிமன்றம் விடுதலை செய்திருந்த அவருக்கு 2023 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் மூன்று ஆண்டு தண்டனை விதித்தது. சட்டமன்ற உறுப்பினர் பதவி போயிற்று. 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் குற்றவாளி என்ற தீர்ப்பையும் நிறுத்திவைத்த பிறகே பதவி திரும்பியது. சிறைக்குப் போகாமல் தடுத்தால் மட்டும் போதுமா, வேலையும் காப்பாற்றப்பட வேண்டுமா என்பதை மனுவில் தெளிவாகக் கேட்க வேண்டும். கேட்காததை நீதிமன்றம் தராது. கேட்டாலும் தீர்ப்பையே நிறுத்துவது அரிது. ஊழல் வழக்குகளில் மிக மிக அரிது.

கட்டைப் படிப்பது

மேல்முறையீட்டில் யாரும் புதிதாகக் கூண்டேறுவதில்லை. “அன்று நடந்தது என்னவென்றால்” என்று நீங்கள் சொல்லத் தொடங்கினால் நீதிபதி கேட்கப்போவதில்லை. கீழ் நீதிமன்றத்தில் பதிவானதை மேல் நீதிமன்றம் தன் கண்ணால் மறுபடி படிக்கிறது, அவ்வளவுதான் மேல்முறையீடு. ஆகவே குடும்பத்தின் பணமும் நேரமும் முதலில் போக வேண்டியது வழக்குக் கட்டின் முழு நகலுக்கு: எஃப்.ஐ.ஆர்., குற்றப்பத்திரிகை, எல்லாச் சாட்சிகளின் முதல் விசாரணையும் குறுக்கு விசாரணையும், சான்றாவணங்கள், பிரேதப் பரிசோதனை அறிக்கை, ஆய்வக அறிக்கை, தீர்ப்பு. சாட்சியங்கள் தமிழில் இருக்கும். உயர் நீதிமன்றம் நடப்பதோ ஆங்கிலத்தில். மொழிபெயர்ப்பில் ‘வெட்டினான்’ ‘குத்தினான்’ ஆகிவிடாமல், குடும்பத்தில் படித்தவர் ஒருவர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது.

எங்கே பார்க்க வேண்டும்? முதலில் எஃப்.ஐ.ஆர். அது பதிவான நேரம் ஒன்று இருக்கும்; மாஜிஸ்திரேட் கைக்கு வந்து சேர்ந்த நேரம் அவர் கையெழுத்தோடு இன்னொன்று இருக்கும். காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் இரண்டு தெரு தூரம், ஆனால் எஃப்.ஐ.ஆர். போய்ச் சேர அரை நாள் ஆகியிருக்கிறது என்றால், அந்த அரை நாளில் யார் யார் பெயர் சேர்க்கப்பட்டது என்ற கேள்வி எழும். தாமதம் ஒன்றாலேயே வழக்கு விழுந்துவிடாது. அதற்குக் காவல்துறை விளக்கம் சொல்லியிருக்கிறதா, அந்த விளக்கம் சாட்சியத்தில் பதிவாகியிருக்கிறதா என்பதே பார்க்க வேண்டியது.

அடுத்து, நேரில் பார்த்த சாட்சியையும் பிரேதப் பரிசோதனை அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மூன்று பேர் அரிவாளால் வெட்டியதாகச் சாட்சி சொல்கிறார்; உடலில் ஒரே ஒரு வெட்டுக்காயம்தான் என்கிறார் மருத்துவர். இரண்டாவது, மூன்றாவது எதிரிகளுக்கு வாசல் திறப்பது இப்படித்தான். இரவு நேரச் சம்பவமா? வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். தெரு விளக்கு பார்வை மகஜரிலும் வரைபடத்திலும் காட்டப்பட்டிருக்கிறதா?

சாட்சி போலீஸாரிடம் முதலில் சொன்னது ஒன்று, கூண்டில் சொன்னது வேறொன்று என்பது பெரும்பாலான வழக்குகளில் இருக்கும். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. இதில் தவறியவர்கள் நிறைய. அந்த முரணைக் குறுக்கு விசாரணையில் சாட்சியிடமே சுட்டிக்காட்டியிருக்க வேண்டும். பிறகு புலன்விசாரணை அதிகாரியிடமும் “இந்தச் சாட்சி உங்களிடம் அப்படிச் சொல்லவில்லை அல்லவா?” என்று கேட்டு ஒப்புக்கொள்ள வைத்திருக்க வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் மேல் நீதிமன்றத்தில் அந்த முரணை எடுத்துப் பேசுவது கடினம். விசாரணை நீதிமன்றத்தில் மலிவான வக்கீல் போதும், உயர் நீதிமன்றத்தில் பெரிய ஆளைப் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் இந்த ஒரு இடத்தை யோசிக்க வேண்டும். கீழே கேட்காத கேள்வியை மேலே எந்தப் பெரிய ஆளும் கேட்க முடியாது.

‘எதிரி கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம்’ என்ற பகுதியைத் தீர்ப்பில் தேடிப் படியுங்கள். போலீஸாரிடம் சொன்ன ஒப்புதல் சாட்சியமாகாது. அதன் விளைவாக ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டிருந்தால், அந்தக் கண்டெடுப்புக்கு நேராகக் காரணமான சொற்கள் மட்டுமே ஏற்கத்தக்கவை. கைப்பற்றிய மகஜரில் கையெழுத்துப் போட்டவர்கள் பெரும்பாலும் கிராம நிர்வாக அலுவலரும் அவருடைய உதவியாளரும். அவர்கள் சாட்சியத்தில் இடம், நேரம், பொருளின் அடையாளம் மூன்றும் ஒத்துப்போகின்றனவா? அரிவாளில் இரத்தம் இருந்தது என்றால் அது யாருடைய வகை என்று ஆய்வகம் சொன்னதா, அல்லது ‘முடிவு காண இயலவில்லை’ என்றதா?

நேரில் பார்த்தவரே இல்லாத வழக்குகளில் சூழ்நிலைச் சாட்சியத்தை மட்டும் வைத்துத் தண்டித்திருப்பார்கள். 1984-இல் சரத் பிர்திசந்த் சார்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த ஐந்து நிபந்தனைகளை ஒவ்வொரு குற்றவியல் வக்கீலும் மனப்பாடமாகச் சொல்வார். சுருக்கமாக: ஒவ்வொரு சூழ்நிலையும் முழுமையாக நிரூபிக்கப்பட வேண்டும்; எல்லாம் சேர்ந்து, இவரைத் தவிர வேறு யாரும் செய்திருக்க முடியாது என்ற ஒரே முடிவுக்கு இட்டுச் செல்ல வேண்டும். ‘கடைசியாக இவரோடு பார்த்தார்கள்’ என்பது மட்டும் போதாது. கடைசியாகப் பார்த்த நேரத்துக்கும் இறந்த நேரத்துக்கும் இடைவெளி நீள நீள அந்தச் சாட்சியம் வலுவிழக்கும்.

முழு விடுதலை கிடைக்காத வழக்கிலும் பாதி வெற்றி உண்டு. கொலை வழக்கு மேல்முறையீடுகளில் அடிக்கடி நடப்பது பழைய தண்டனைச் சட்டத்தின் 302-ஐ 304 ஆகக் குறைப்பது. புதிய நியாய சன்ஹிதாவில் 103-இலிருந்து 105. டீக்கடையில் தொடங்கிய வாய்த்தகராறு, கையில் அகப்பட்ட கட்டை, ஒரே அடி, முன்விரோதம் இல்லை என்றால் அது கொலையாகாத மரணம் என்று வாதிடலாம். ஆயுள் தண்டனை ஏழு ஆண்டாகவோ பத்து ஆண்டாகவோ ஆகலாம். விடுதலையை மட்டுமே கேட்பேன் என்று பிடிவாதம் பிடித்து இந்த மாற்று வாதத்தை விட்டுவிடுவது கைதிக்குச் செய்யும் துரோகம் என்பேன்.

“அப்பீல் போட்டா தண்டனையைக் கூட்டிடுவாங்களாமே?” என்று பயப்படுகிறவர்கள் உண்டு. தண்டிக்கப்பட்டவர் போட்ட மேல்முறையீட்டில் தண்டனையைக் கூட்டும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு இல்லை. தண்டனை போதாது என்று அரசு தனியாக மேல்முறையீடு செய்தால் அது வேறு. அரசோ பாதிக்கப்பட்டவரோ எதுவும் போடாதபோது உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து தண்டனையைக் கூட்டியது தவறு என்று, தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் 2025-இல் கூறியது.

தண்டனைக் கணக்கிலும் பிழைகள் இருக்கும். இரண்டு ஆயுள் தண்டனைகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுபவிக்கச் சொல்ல முடியாது. இதுவும் தமிழ்நாட்டு வழக்கு: 2016, முத்துராமலிங்கம் வழக்கில் அரசியலமைப்பு அமர்வு சொன்னது. அபராதம் கட்டாததற்கான சிறைக்காலம் மட்டும் எப்போதும் கூடுதல்தான், ஏககாலத்தில் கழியாது.

புதிய ஆதாரம், வயது

தீர்ப்புக்குப் பிறகு ஓர் ஆவணம் கிடைத்தால் 432ஆம் பிரிவின் கீழ்க் கூடுதல் சாட்சியம் கேட்கலாம். முன்பே கையில் இருந்ததை ஏன் அப்போது கொடுக்கவில்லை என்ற கேள்விக்குப் பதில் இருந்தால் மட்டும் இந்தப் பக்கம் போங்கள்.

வயது மட்டும் விதிவிலக்கு. சம்பவத்தன்று 18 வயது நிறையாதவர் என்ற வாதத்தை எந்த நீதிமன்றத்திலும், எந்த நிலையிலும், வழக்கு இறுதியாக முடிந்த பிறகும் எழுப்பலாம். இளைஞர் நீதிச் சட்டத்தின் 9ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. 1994-இல் புனேயில் நடந்த கொலைகளுக்காகத் தூக்குத் தண்டனை பெற்று, உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்துவிட்ட ஒருவர், சம்பவத்தின்போது தனக்கு வயது பன்னிரண்டரைதான் என்பதைப் பள்ளிப் பதிவேட்டால் நிரூபித்து 2023 மார்ச்சில் விடுதலையானார். அதற்குள் 28 ஆண்டுக்கு மேல் சிறையில் கழிந்துவிட்டது. கைதியின் வயதில் சந்தேகம் இருந்தால் முதல் வகுப்பில் சேர்த்த பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டை இன்றே போய்ப் பாருங்கள். ஆதாரை விட அந்தப் பழைய நோட்டுக்கு மதிப்பு அதிகம்.

விசாரணை நாள் வரும்வரை

உங்கள் வக்கீல் வராத காரணத்துக்காக மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்ய முடியாது. கட்டைப் படித்துத் தகுதியின் அடிப்படையில்தான் முடிவு சொல்ல வேண்டும் என்று பானி சிங் வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. இருந்தாலும் வக்கீல் வராமல் முடிந்த வழக்கின் தீர்ப்பைப் படித்தால், யாரும் எடுத்துச் சொல்லாத வாதம் யார் கண்ணிலும் படவில்லை என்பது தெரியும். மேல்முறையீட்டு எண்ணை வாங்கி வைத்துக்கொண்டு, இ-கோர்ட்ஸ் தளத்திலோ செயலியிலோ வாரம் ஒரு முறை பாருங்கள். மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது தண்டிக்கப்பட்டவர் இறந்துவிட்டால், பெற்றோர், துணைவர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் 30 நாளுக்குள் மனுக் கொடுத்து வழக்கைத் தொடரலாம். பெயரில் ஒட்டிய கறையைத் துடைக்க விரும்பும் குடும்பத்துக்கு இது முக்கியம்.

அமர்வு நீதிமன்றத்தில் தோற்றால் இரண்டாவது மேல்முறையீடு இல்லை. உயர் நீதிமன்றத்தில் சீராய்வு மனுப் போடலாம். கெடு 90 நாள். அங்கே சாட்சியத்தை மறுபடி அலசமாட்டார்கள். கண்ணுக்குத் தெரியும் சட்டப் பிழை இருக்க வேண்டும்.

டெல்லிக்கு

விடுதலை பெற்றவரை உயர் நீதிமன்றம் குற்றவாளியாக்கி மரணம், ஆயுள் அல்லது பத்து ஆண்டு, அதற்கு மேல் தண்டனை விதித்தால் உச்ச நீதிமன்றத்துக்குப் போவது உரிமை. மற்றவர்கள் அரசியலமைப்பின் 136ஆம் பிரிவின் கீழ்ச் சிறப்பு அனுமதி கேட்க வேண்டும். சாதாரண வழக்குகளில் 90 நாள். சரணடைந்ததற்கான சான்றோ, விலக்குக் கோரும் மனுவோ இல்லாமல் மனு பட்டியலுக்கே வராது. பெரும்பாலான மனுக்கள் சில நிமிடங்களில் தள்ளுபடியாகின்றன என்பதை அறிந்தே செலவு செய்யுங்கள்.

அதற்கு மேலும் மறுஆய்வு மனு உண்டு. அதுவும் போனால் 2002-இல் ரூபா அசோக் ஹுர்ரா வழக்கில் உச்ச நீதிமன்றமே உருவாக்கிய குறைதீர்ப்பு மனு. இவை நீதிபதிகளின் அறையிலேயே சுற்றி முடிந்துவிடுபவை. மரண தண்டனை வழக்குகளில் மட்டும் 2014 முதல் மறுஆய்வு மனுவைத் திறந்த நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் கேட்க வேண்டும். அந்த ஒரு மாற்றத்தால் உயிர் பிழைத்தவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் 2009-இல் நடந்த சிறுவன் கடத்தல், கொலை வழக்கில் தூக்கு 2023-இல் ஆயுளாகக் குறைந்தது மறுஆய்வில்தான்.

நீதிமன்றத்துக்கு வெளியே

ஆளுநருக்கு அரசியலமைப்பின் 161ஆம் பிரிவும் குடியரசுத் தலைவருக்கு 72ஆம் பிரிவும் மன்னிக்கவும் குறைக்கவும் அதிகாரம் தருகின்றன. ஆயுள் தண்டனை என்றால் 14 ஆண்டு என்று பலர் நினைக்கிறார்கள். ஆயுள் என்றால் ஆயுள் முழுதும்தான். மரண தண்டனை விதிக்கத்தக்க குற்றங்களில் 14 ஆண்டு உள்ளே கழிக்காமல் அரசு விடுவிக்க முடியாது என்பதே அந்த எண்ணின் பொருள். 161-க்கு அந்தக் கட்டும் இல்லை. அண்ணா நூற்றாண்டை ஒட்டி 2008-இல் தமிழ்நாட்டில் ஆயுள் கைதிகள் பெரும் எண்ணிக்கையில் விடுவிக்கப்பட்டது அரசின் இத்தகைய முடிவால். முன்விடுதலை மனு மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி, உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம்.

இந்தக் கதவுகள் எல்லாவற்றையும் ஒரே வழக்கில் பார்க்க வேண்டுமானால் ராஜீவ் காந்தி கொலை வழக்கைப் பாருங்கள். 1998-இல் தடா நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. 1999-இல் மேல்முறையீட்டில் நால்வருக்கு மட்டும் அது நிலைத்தது, மூவருக்கு ஆயுளானது, 19 பேர் பெரிய குற்றச்சாட்டுகளிலிருந்து விடுபட்டார்கள். 2000-இல் அந்த நால்வரில் ஒருவரான நளினியின் தூக்கை ஆளுநர் ஆயுளாகக் குறைத்தார். கருணை மனுக்களைப் பதினோரு ஆண்டு கிடப்பில் போட்ட காரணத்துக்காக 2014-இல் மற்ற மூவரின் தூக்கும் போயிற்று. 2018-இல் தமிழக அமைச்சரவை விடுதலைக்குப் பரிந்துரைத்தும் ஆளுநர் முடிவெடுக்காமல் இருந்ததால், 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் 142ஆம் பிரிவைப் பயன்படுத்தி, அந்த மூவரில் ஒருவரான பேரறிவாளனை விடுவித்தது. நவம்பரில் மீதி ஆறு பேரையும். அந்த வழக்கைப் பற்றி யாருக்கு என்ன கருத்து இருந்தாலும், 26 தூக்குகளில் ஒன்றுகூட நிறைவேறவில்லை.

விடுதலையான பிறகு

விடுதலைத் தீர்ப்பின் சான்றிட்ட நகல்கள் நாலைந்து வாங்கி வையுங்கள். பாஸ்போர்ட், வேலை, காவல்துறைச் சரிபார்ப்பு என்று ஒவ்வொன்றுக்கும் கேட்பார்கள். கட்டிய அபராதத்தைத் திரும்பக் கேட்கத் தனி மனு வேண்டும். இழப்பீடு? மகாராஷ்டிராவில் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஆறு பேருக்கு 2009-இல் தூக்கை உறுதி செய்த உச்ச நீதிமன்றம், 2019-இல் மறுஆய்வில் அவர்கள் நிரபராதிகள் என்று கண்டு, ஆளுக்கு ஐந்து லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. பதினாறு ஆண்டுச் சிறைக்கு அது. அதுவும் அந்த வழக்குக்கு மட்டுமான உத்தரவு. தவறாகத் தண்டிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தரச் சட்டம் வேண்டும் என்று சட்ட ஆணையம் தன் 277ஆம் அறிக்கையில் 2018-இலேயே பரிந்துரைத்தது. அந்தச் சட்டம் இன்னும் வரவில்லை.